சிக்கனமான மூளை

என் அக்காவின் கணவர் இதுவரை விற்காத பொருள் குறைவு. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றார். வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வயிற்றைக் குறைக்கும் பெல்ட் விற்றார். மாட்டிக்காட்டச் சொன்னபோது அவருடைய வயிறு ஒத்துழைக்கவில்லை. காந்தத் தலையணை, முழங்கால் வலிக்கு மின்சாரச் செருப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியில் கஞ்சா எண்ணெயில் வந்து நின்றார். எங்கள் ஊரில் அதைக் கடையில் வைத்து விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கஞ்சா என்ற சொல்லை அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. முகம் சுண்டிப்போகும்.

"மூலிகைச் சாரம்னு சொல்லு மச்சினி. படிச்சவ நீயே இப்படிப் பேசினா எப்படி?" என்பார்.

சின்னப் பழுப்புக் குப்பி. நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ள வேண்டும். குப்பியின் மேல் ஒரு தலையின் படம், தலைக்குள் ஒரு தீபம். பெயர் 'மூளைச்சுடர்'.

அந்தப் பெயரைப் பார்த்து நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அந்தச் சுடர் எப்படித் தணிகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் மூளைச் செல்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். உடம்பின் எடையில் மூளைக்கு அற்பப் பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே விழுங்கிவிடும். நரம்புச் செல்களுக்குப் பக்கத்தில் நட்சத்திர வடிவில் துணைச் செல்கள் இருக்கின்றன. அவை சர்க்கரையை வாங்கிப் பாதி சமைத்து, லாக்டேட் என்ற பொருளாக்கி, நரம்புச் செல்களுக்கு ஊட்டுகின்றன. செல்லுக்குள் அடுப்பு மாதிரி இருப்பது மைட்டோகாண்ட்ரியா. கஞ்சாவில் போதை தரும் சரக்கு செல்லின் வெளிச்சுவரோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே புகுந்து அடுப்பின் மேலேயே உட்கார்ந்து தீயைக் குறைக்கிறது. சமைப்பது குறைந்தால் ஊட்டுவதும் குறையும். நரம்புச் செல் அரைப்பட்டினியோடு வேலை பார்க்கும். இதையெல்லாம் பிறர் முன்பே கண்டு எழுதிவிட்டார்கள். நீண்ட நாள் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலி மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்கும் முறை எளிது. மூன்று அறை உள்ள ஒரு பெட்டி. நடு அறையில் நம் எலியை விடுவோம். ஒரு பக்கத்து அறையில் கம்பிக் கூண்டுக்குள் முன்பின் தெரியாத ஓர் எலி, மறுபக்கம் வெறுங்கூண்டு. எலி வம்புக்கு அலையும் பிராணி. புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்றால் ஓடிப்போய் முகர்ந்து விசாரிக்காமல் அதற்கு இருப்புக்கொள்ளாது. சரக்கு கொடுத்த எலிக்கு அந்த ஆசை விட்டுப்போகிறது. நடக்கும், தின்னும், தூங்கும். ஆனால் புதியவர் இருக்கும் கூண்டும் வெறுங்கூண்டும் அதற்கு ஒன்றுதான்.

இதை நான் அக்கா வீட்டு மதியச் சாப்பாட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப மூளையோட ஆற்றல் செலவைக் குறைக்குதுன்னு சொல்ற."

"வேலையையும் சேர்த்துக் குறைக்குது அத்தான்."

"அது கிடக்கட்டும். நட்சத்திரச் செல்லுன்னு சொன்னியே. ஃபிரிட்ஜுல நட்சத்திரம் ஒட்டி விக்கிறாங்கல்ல, கரண்டு கம்மியா இழுக்குதுன்னு? அதே மாதிரி மூளைக்கு அஞ்சு நட்சத்திரம். குப்பி மேலேயே போட்டுடலாம்."

"பொணம் அதைவிடக் கம்மியா இழுக்கும். அதுக்கு எத்தனை நட்சத்திரம் ஒட்டுவீங்க?"

அவருக்கு அது உறைக்கவில்லை. கைகழுவக்கூட எழாமல் இடதுகையால் போனை எடுத்து யாருக்கோ 'அஞ்சு நட்சத்திரம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இந்த மாதிரி இடத்தில் அவள் வாய் சும்மா இருக்காது. "அவரோட மூளைக்கு ஏற்கனவே ஆறு நட்சத்திரம்டி, இன்னும் பெட்டியப் பிரிக்கவே இல்ல" என்பதுபோல ஏதாவது சொல்லி மனுஷனை வறுத்தெடுத்துவிடுவாள். அன்று அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போனாள்.

அக்கா பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நான்கு நாற்காலி, நான்கு கண்ணாடி, சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீளப் பலகை. அவளைவிட நன்றாக முடிவெட்டுகிறவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். ஆனாலும் கூட்டம் அவளிடம்தான் வரும். யார் மருமகளுக்கு என்ன கோபம், யார் வீட்டில் மாடிக் குழாய் ஒழுகுகிறது, யாருக்கு வேலை போனது என்று அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள். ஆனால் சொன்னவள் அடுத்த முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து கேட்பாள். முடி ஒரு சாக்கு. பேச்சுக்காகவே வருவார்கள்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். பலகையில் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள், அவளும் போனைப் பார்த்தபடி. கத்தரியின் சத்தமும் சுவர் விசிறியின் சத்தமும் மட்டும் கேட்டன. நான் உள்ளே வந்ததை அக்கா கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துவிட்டு முடியைச் சீவ ஆரம்பித்தாள். என்னை எடுத்து வளர்த்த கை அது. 'வாடி' என்று ஒரு சொல் வரவில்லை.

கடையில் ஆள் ஒழிந்ததும் கேட்டேன். "என்னக்கா ஆச்சு உனக்கு?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். சீப்புகளுக்கு நடுவில் மூன்று பழுப்புக் குப்பிகள்.

"எவ்வளவு விட்டுக்கிற?"

"குப்பில போட்டிருக்கிறதவிடக் கூடத்தான். காலைல, மத்தியானம், அப்புறம் அவர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

"அத்தான் குடுத்தாரா?"

"மொதல்ல அவர்தான் குடுத்தாரு. தூக்கம் வரும்னு. இப்ப நானே எடுத்துக்கிறேன்." துண்டை மடித்தபடி நிதானமாகச் சொன்னாள். "அவர் பேசுறது காதுல விழும். உள்ள போகாது. அது எவ்வளவு நிம்மதின்னு கட்டிக்காதவ உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தானின் பேச்சைப் பல வருஷம் கேட்டவளுக்குக் காதை அடைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நிறுத்திப் பார் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நிறுத்தப் போவதில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

அத்தானிடம் பேசிப் பார்த்தேன். அவருக்கு ஏக மகிழ்ச்சி.

"மொதல்ல எல்லாம் வாயத் திறந்தா சண்டை. இப்ப நான் சொல்றத எல்லாம் அமைதியாக் கேட்டுக்கிறா. பக்குவம் வந்துடுச்சு அவளுக்கு" என்றார். கேட்காத காதைக் கேட்கும் காதென்று நம்பும் மனிதரிடம் நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

இதற்கிடையில் எங்கள் ஆராய்ச்சிக்கூட இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் இயக்குநருக்கு எலியைக் கண்டால் அருவருப்பு. ஆராய்ச்சி நடக்கும் அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டுரை வெளிவரும்போது அவர் பெயர் மட்டும் எல்லா எலியையும் தன் கையால் தூக்கிப் பார்த்த பெயர்போல நிமிர்ந்து நிற்கும். அவர் மேசையில் தீபம் போட்ட தலையோடு ஒரு குப்பி இருந்தது. அத்தான் வந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது.

"உங்க உறவுக்காரரா? ரொம்ப ஆர்வமான மனுஷர். நம்ம கூடத்துக்குப் புது நுண்ணோக்கி ஒண்ணு வாங்கித் தர்றேங்கிறாரு. அவங்க எண்ணெயோட அறிமுக விழாவுல நம்ம ஆராய்ச்சியப் பத்தி நாலு வார்த்தை பேசணுமாம்."

"நம்ம ஆராய்ச்சி அவருக்கு எதிரா இருக்கு சார்."

"எதிர், ஆதரவுன்னெல்லாம் விஞ்ஞானத்துல கிடையாதும்மா." இதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய்யைப் பளபளப்பாக்க வேண்டுமென்றால் அவர் எப்போதும் கண்ணாடியைத்தான் துடைப்பார். "குறைக்குதுங்கிற எடத்துல 'நெறிப்படுத்துது'ன்னு போட்டா என்ன? 'மூளையின் ஆற்றல் பயன்பாட்டை நெறிப்படுத்துகிறது.' தப்பு ஒண்ணும் இல்லையே."

"நெறிப்படுத்துதுன்னா என்ன சார் அர்த்தம்?"

"கேக்குறவங்க அவங்கவங்களுக்குப் புரிஞ்ச மாதிரி எடுத்துக்குவாங்க."

நான் பேச மாட்டேன், என் பெயரும் அங்கே வரக் கூடாது என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "சரி, நானே பேசிக்கிறேன்" என்றார். பந்தியில் ஓர் இலை குறைந்தால் பக்கத்து இலைக்காரர் வருத்தப்படுவாரா?

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், வாடகை மண்டபத்தில் நடந்தது. அக்காவுக்காகத்தான் நான் போனேன். மேடையில் ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டிய தலை. அதற்குள் மின்விளக்குத் தீபம் மினுக்மினுக்கென்று எரிந்தது. குப்பிகளில் ஐந்து நட்சத்திரம் ஏறிவிட்டிருந்தது. இயக்குநர் பேசினார். எலி என்ற சொல்லையே உச்சரிக்காமல் எலிகளைப் பற்றி நீளமாகப் பேசிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். 'நெறிப்படுத்துகிறது' வந்த இடத்தில் முன்வரிசை கைதட்டியது.

பிறகு அத்தான் மைக்கைப் பிடித்தார். "ஆயிரம் பேர் சொல்றதவிட ஆளையே காட்டுறது மேல். என் மனைவியே சாட்சி" என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்.

அக்கா ஏறினாள். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கூச்சமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு காலத்தில் நான்கு நாற்காலியையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைத்தவள், மருந்துச்சீட்டு வாசிக்கும் குரலில் பேசினாள்.

"இது நல்லா வேலை செய்யுது. இவர் நாள் முழுக்கப் பேசிட்டே இருப்பாரு. முந்தி எனக்குக் கோவம் வரும். இப்ப இவர் பேசினாலும் ஒண்ணுதான், பேசலைன்னாலும் ஒண்ணுதான். இருக்காருன்னே தோணாது. உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா வாங்கிக்கங்க."

சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது அலைபோல எழுந்து அடங்குவதற்குள் விற்பனை மேசைக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. கைப்பையைத் திறந்தபடி பெண்கள் ஒருவரையொருவர் முண்டினார்கள். கொண்டுவந்த பெட்டிகள் எல்லாம் காலியாயின.

அத்தான் பூரித்துப்போனார். "பாத்தியா மச்சினி, எப்படிப் பேசினா பாத்தியா? ஊரே அசந்துடுச்சு" என்று என்னிடம் வந்து சொன்னார். தன்னைப் பற்றித்தான் அவள் சொன்னாள் என்பது அவருக்கு அன்றும் எட்டவில்லை. பிறகும் எட்டியதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டவரில்லை. அவர் மூளையின் சிக்கனம் பிறவியிலேயே வந்தது.

சரக்கு சூடாக விற்றது. அக்காவின் கடைப் பலகைதான் காலியாகிக்கொண்டே வந்தது.

அங்கே வெகுகாலமாக வந்துகொண்டிருந்தவர்களில் சுருட்டையம்மா என்று ஒருவர். தலை முழுவதும் வெள்ளைச் சுருட்டை. அதனால் அக்கா வைத்த பெயர். கொஞ்ச நாளாக வராமல் இருந்தவர் ஒரு காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துணியைப் போர்த்திப் பாதி முடியை வெட்டிவிட்டாள். அப்போது அந்தம்மா கண்ணாடியைப் பார்த்தபடி, "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு" என்றார்.

அக்கா, "ஓ" என்றாள். கத்தரியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்டாள்.

சுருட்டையம்மா கண்ணாடியில் அவளையே பார்த்தாராம். பிறகு துணியைத் தானே அவிழ்த்து நாற்காலிக் கையில் மடித்துப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் வெட்டாமலும் தெருவில் இறங்கிப் போய்விட்டாராம்.

இதை அக்காவே என் வீட்டுக்கு வந்து சொன்னாள். சமையல்கட்டில் நின்றபடி, அடுத்த வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். முடித்துவிட்டு, "எனக்கு அழுகை வரணும்டி. வரணும்னு தெரியுது. வரல" என்றாள்.

அந்தக் குரலில் இருந்தது சலிப்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"எலிக்கு நடந்ததுதான் உனக்கு நடந்ததுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றேன். "எலி வேற, மனுஷி வேற. அளவு வேற, அந்தக் குப்பில உண்மையில என்ன இருக்குன்னு அதை அடைச்சவனுக்கே தெரியாது. ஆனா நீ நிறுத்து."

"நிறுத்தினா அவர் பேச்செல்லாம் மறுபடி உள்ள போகுமே."

"போகட்டும். போன எடத்துலேர்ந்து பதில் வரும்ல?"

அவள் நிறுத்தினாள். சுலபமாக இல்லை. தூக்கம் போயிற்று. சாப்பாடு பிடிக்கவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். என் வீட்டு ஜன்னல் திரை அழுக்காக இருக்கிறது என்று என்னோடு அரைநாள் சண்டை போட்டாள். திட்டு வாங்கி நான் சந்தோஷப்பட்ட ஒரே தருணம் அது. மெல்ல மெல்ல ஆள் திரும்பி வந்தாள்.

முதலில் கணக்குத் தீர்த்தது அத்தானோடு. நானும் இருந்தேன், அதே மதியச் சாப்பாட்டு மேசையில். அவர் வெளிநாட்டுக் கிளை திறப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே புகுந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க. அந்த எண்ணெய நீங்க ஏன் சாப்பிடுறதில்ல?"

அத்தான் கரண்டியோடு நின்றார். "நானா? எனக்கு எதுக்கு?"

"தூக்கம் வரும், நிம்மதி வரும், அஞ்சு நட்சத்திரம். ஊருக்கே குடுக்குறீங்க. உங்க நாக்குக்கு அடில மட்டும் எடம் இல்லையா?"

"எனக்குத் தொழில் இருக்குல்ல. நாலு பேரப் பாக்கணும், பேசணும். மூளை தெளிவா இருக்க வேணாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"எனக்கும் கடை இருக்கு" என்றாள் அக்கா. "நானும் நாலு பேரப் பாக்கணும். என் மூளை தெளிவா இருந்தா உங்களுக்கு ஆகல. அதான் விஷயம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் நீ ஏத்தி விட்டதா?" என்றார்.

"அவளப் பாக்காதீங்க. நான் பேசுறேன், என்னப் பாருங்க" என்றாள் அக்கா. பிறகு பேசினாள். பல மாதம் உள்ளே போகாமல் வெளியே நின்றதெல்லாம் அன்று உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பி வந்தது. பெல்ட், செருப்பு, தலையணை எதையும் விடவில்லை. அவளை மேடையேற்றியது கடைசியில் வந்தது. அதற்கு மட்டும் குரல் உடைந்தது. அத்தான் நடுவில் இரண்டு முறை சமாதானமாக, "ரெண்டு சொட்டு போட்டுட்டு வந்து உக்காரேன்" என்றார். இரண்டாம் முறை சொன்னதோடு அந்த வீட்டில் அவர் குடித்தனம் முடிந்தது. சாயங்காலமே துணிமணியோடு தன் கிடங்கின் மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டி பெட்டியாக நிம்மதி அடுக்கியிருக்கும் இடம். தூக்கம் நன்றாகவே வரும்.

நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். எண்ணெய் இன்னும் விற்கிறது. இயக்குநர் அத்தானின் நிறுவனத்துக்கு ஆலோசகர். புது நுண்ணோக்கி வந்து சேர்ந்தது, அதன் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டார், எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று கேட்டுக்கொண்டு. கட்டுரையில் 'குறைக்கிறது' என்றே எழுதினேன். அவர் மாற்றவில்லை. படித்திருந்தால் மாற்றியிருப்பார்.

அக்கா சுருட்டையம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் தலையில் துணி கட்டியிருந்தார். அக்காவின் கையிலிருந்த கத்தரிப் பையைப் பார்த்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அத்தனை நாளும் வேறு எவரிடமும் போகவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நீ இன்னைக்குப் பேசாத" என்றார் சுருட்டையம்மா. "நான் பேசுறேன். நீ வெட்டு."

பேசினார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தது, நர்ஸோடு சண்டை போட்டது, கடைசி நாளில்கூடக் காபியில் சர்க்கரை போதவில்லை என்று கத்தியது. "ஒரு நிமிஷம் வாய மூட மாட்டாரு அந்த மனுஷன். அவர் பேச்சுத் தாங்காம உன் வீட்டு எண்ணெய நானும் ஒரு குப்பி வாங்கினேன். பிரிக்கல. எப்படியோ கை வரல" என்றார்.

அக்காவின் கத்தரி அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுருட்டையம்மா திரும்பிப் பார்க்காமல் அது முடியும்வரை காத்திருந்துவிட்டு மேலே சொன்னார். அந்த வீட்டில் விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, தரையெல்லாம் கிடந்த வெள்ளைச் சுருள்களை நான் பெருக்கினேன்.